கைகாட்டிக்கு ஓர் அட்டை

என் வீட்டுக்காரர் பிழைப்புக்கு இரும்பு தூக்குகிறார். கட்டடம் எழும்பும் இடங்களில் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்குமே, அந்தக் கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதற்குள் உட்கார்ந்தபடி லாரி நீளத்துக்கு இருக்கும் உத்தரத்தைத் தூக்கி, கீழே இருப்பவர்கள் கேட்ட இடத்தில் நோகாமல் இறக்கி வைப்பார். அதே மனிதரை வீட்டில் ஒரு பீரோவை நகர்த்தித் தரச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

இப்படிப்பட்டவர் சொந்தக் கையால் வாழ்த்து அட்டை செய்வார் என்று சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. கையைப் பார்த்தால் நம்பத் தோன்றாதுதான். எந்தக் கடைக் கையுறையும் அந்தக் கைக்குள் நுழையாது. ஆனால் அந்த விரல்களால் ரப்பரில் நகக்கண் அளவுக்கு ஓர் இலையைச் செதுக்குவார், அதற்குள் நரம்பும் ஓடும். நான் தையல்காரி. கைவேலையைச் சும்மா புகழ்கிற ஆளில்லை. யாராவது புதுச் சட்டையைக் காட்டினால் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். இவருடைய அட்டைகளையும் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒரு மைக்கறை, ஒரு விரல் ரேகை கிடையாது. குறை சொல்லக் காரணம் கிடைக்காத எரிச்சல் எனக்கு நிறைய உண்டு.

பழக்கம் வந்ததே காற்றினால்தான். பலமாகக் காற்று அடித்தால் கிரேனை இயக்கக் கூடாது. காற்று தணியும்வரை கூண்டிலேயே காத்திருக்க வேண்டும். அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு நாள், பென்சில் அழிக்கும் ரப்பரைப் பேனாக்கத்தியால் செதுக்கி ஒரு பறவை செய்து கொண்டுவந்தார். பறவை என்று அவர் சொன்னார். நான் செருப்பு என்று நினைத்தேன். அதற்குப் பிறகு பல காற்று நாட்கள் வந்து போயின. பறவை பறவையானது, பிறகு கிளை வந்தது, கிளைக்குப் பின்னால் வானம் வந்தது.

எங்கள் வீட்டில் ஒரே மேசை. ஒரு முனையில் என் தையல் இயந்திரம், மறுமுனையில் அவருடைய மைப்பெட்டிகள். நடுவில் எல்லைத் தகராறு. அவர் வேலை செய்வதை நான் ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் பார்ப்பேன். முதலில் மெல்லிய தாளில் பென்சிலால் படம் வரைவார். தாளைக் கவிழ்த்து ரப்பர் பாளத்தின் மேல் வைத்து, கரண்டியின் முதுகால் தேய்ப்பார். பென்சில் கோடு ரப்பருக்கு மாறிவிடும், இடம் வலமாகத் திரும்பி. அது அப்படித்தான் திரும்ப வேண்டும். ரப்பரிலிருந்து அட்டைக்குப் போகும்போது மறுபடி ஒருமுறை திரும்பி, வரைந்த மாதிரியே வந்து நிற்கும். பிறகு நுனி வளைந்த சின்ன உளியால் வேண்டாததையெல்லாம் சீவி எடுப்பார். வளைவு வந்தால் உளியைத் திருப்ப மாட்டார், ரப்பரைத்தான் திருப்புவார். வளைவான கழுத்தைத் தைக்கும்போது நானும் துணியைத்தான் திருப்புவேன். இதை அவரிடம் சொன்னதில்லை, தலைக்கனம் ஏறிவிடும்.

மை தடவுவதும் நான் நினைத்த மாதிரி இல்லை. அச்சை மையில் அமுக்க மாட்டார். அச்சை மல்லாக்க வைத்து, மைப்பெட்டியால் அதன் மேல் மெல்லத் தட்டுவார். பிறகு அச்சை அட்டைக்கு நேர் மேலே கொண்டுபோய், நேராக இறக்கி, ஒரு மூச்சு நேரம் அழுத்தி, நேராகவே தூக்குவார். இம்மி ஆட்டினாலும் ஓரம் அப்பிக்கொள்ளும்.

"எப்படிங்க கை ஆடாம இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நாள் பூரா அதத்தானே செய்யறேன். நேரா எறக்கு, நேரா தூக்கு" என்றார்.

ஒரு நாள் ஒரே ஒரு மரத்தைச் செதுக்கினார். மை தடவி அடித்தார், கறுகறுவென்று மரம் வந்தது. மறுபடி மை தடவாமலே பக்கத்தில் அடித்தார், வெளிறிய மரம். இன்னொன்று, இன்னும் வெளிறி. கடைசியில் முன்னால் நாலு மரம், பின்னால் பனியில் கரைகிற மரங்கள் என்று ஒரு காடே நின்றது. நான் தைப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். அன்று மேசையில் ஒரு சாண் இடம் விட்டுக்கொடுத்தேன்.

வேலை செய்யும் இடத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், யார் வேறு ஊருக்குப் போனாலும் இவருடைய அட்டைதான் போகும். அங்கே இவருக்குப் பெயர் "மேலிடம்". உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர். "மேலிடத்துலேந்து உத்தரவு வந்தாச்சா?" என்று கீழே கேலி செய்வார்கள். உண்மையில் உத்தரவு போவது கீழேயிருந்துதான். சரக்கு இறங்க வேண்டிய இடத்தில் ஒருவர் நின்று, கையாலேயே எல்லாவற்றையும் சொல்வார். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு, இவர் கூண்டில் லீவரைப் பின்னால் இழுப்பார். கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. அவருக்குப் பெயர் "கைகாட்டி". என் வீட்டுக்காரருக்கு அவர்தான் கண். பேசுகிற கருவி இருந்தாலும் அந்த இரைச்சலில் இரண்டு பேரும் கையைத்தான் நம்பினார்கள்.

மேலிருந்து பளிச்சென்று தெரிவதற்காகக் கைகாட்டி அண்ணனுக்கு மஞ்சள் துணியில் கையுறை தைத்துக்கொடுத்ததே நான்தான். பல வருஷமாக இவர் அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் வேலை செய்தார். விடுமுறை நாளில் அண்ணனும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். நானும் அவளும் ஊர்க்கதை எல்லாம் பேசி முடிப்போம். ஆண்கள் இரண்டு பேரும் சன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். போகும்போது "நல்லாப் பேசிக்கிட்டிருந்தோம்" என்பார்கள்.

பிறகு அந்த நாள் வந்தது. கைகாட்டி அண்ணன் இறக்கு என்று காட்டினார், இவர் இறக்கினார். உத்தரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டை ஒரு பக்கம் அறுந்தது. உத்தரம் திரும்பி, அண்ணனுடைய வலது கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன. மற்ற விரல்கள் இருந்தும் மடங்கவில்லை. விசாரணை நடந்தது. பட்டை உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தது, வெளியே தெரிய வாய்ப்பில்லை, இரண்டு பேர் மேலும் தப்பில்லை என்று முடிவானது. இவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"லீவர் என் கையில இருந்துச்சு" என்பார். அதைத் தவிர வேறு பேச்சில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பழப்பையோடு போனார். வாசல் கேட் வரைக்கும் போய்விட்டு அதே பையோடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அண்ணன் வீடு திரும்பிய பின்னும் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. அண்ணனுடைய மனைவி மட்டும் அவ்வப்போது எனக்குப் போன் செய்வாள்.

"யாரையும் பாக்க மாட்டேங்கறாரு அக்கா. கைய ஒரு துண்டுக்குள்ள சுத்தி வச்சுக்கிட்டு சன்னலயே பாத்துட்டு இருக்காரு. புதுசா வர்றவங்களுக்குச் சைகை சொல்லிக் குடுக்கற வேலை இருக்கு, வாங்கன்னு கம்பெனியில கூப்பிடறாங்க. வெரல் இல்லாதவன் என்னத்தக் காட்டறதுன்னு கேக்கறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

இங்கே என் வீட்டில் மைப்பெட்டிகள் மூடியே கிடந்தன. வேறு யாரோ ஒருவர் கைகாட்ட, இவர் ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தார். சாப்பிடுவார், தூங்குவார். மேசை முழுவதும் எனக்கே கிடைத்தது. இத்தனை வருஷம் எதற்காகச் சண்டை போட்டேனோ அது கைக்கு வந்தபோது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் பொறுமை போய்விட்டது.

"போறவன் வர்றவனுக்கெல்லாம் அட்டை செஞ்சீங்க. அந்த எஞ்சினியர் வளத்த நாய்க்குக்கூடப் பொறந்தநாள் அட்டை குடுத்தீங்க. உங்க கண்ணா இருந்த மனுஷனுக்கு ஒண்ணு செய்யத் தோணலையா? நேர்ல போகத்தான் துணிச்சல் இல்ல, ஒரு அட்டையாவது செஞ்சு குடுங்க. நான் கொண்டு போறேன்."

அவர் எழுந்து வந்து என் துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். புது ரப்பர் பாளத்தை எடுத்தார். மெல்லிய தாளை எடுக்கவில்லை. பேனாவை எடுத்து ரப்பரின் மேலேயே நேராக வரைய ஆரம்பித்தார்.

"மொதல்ல தாள்ல வரையலையா?"

"இதுக்கு எதுக்குத் தாளு? கண்ண மூடிக்கிட்டே போடுவேன்."

உண்மையாகவே அப்படித்தான் போட்டார். தயக்கமில்லாத கோடுகள். மேலே நீட்டிய சுட்டுவிரல், மடங்கிய மற்ற விரல்கள், அவற்றின் மேல் குறுக்காகப் படிந்த கட்டை விரல், மணிக்கட்டில் கையுறையின் மடிப்பு. அந்த மடிப்பில் நான் போட்ட இரட்டைத் தையலைக்கூட விடவில்லை. தூக்கு என்கிற சைகை அது. ஒவ்வொரு நாள் காலையிலும் முதல் சரக்குக்கு அண்ணன் காட்டுவது. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்து பார்த்தேன். அவர் உளியைப் பிடித்ததைப் பார்த்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

செதுக்கி முடித்ததும் வீணாய்ப்போன ஒரு துண்டு அட்டையில் அடித்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அந்தத் துண்டை நான் எடுத்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் தூக்கி எறிகிறவற்றை எல்லாம் நான் இப்படிச் சேர்த்து வைப்பது அவருக்குத் தெரியாது.

அடுத்து வானம். கூண்டிலிருந்து விடியற்காலையில் தெரிகிற வானம் என்றார். பஞ்சுத் தலை வைத்த ஒரு கட்டையில் வெளிர் மஞ்சளைத் தொட்டு, அட்டைக்கு வெளியிலிருந்தே சுழற்ற ஆரம்பித்து உள்ளே வந்தார். வெளியே தொடங்கினால்தான் முதல் அழுத்தத்தின் திட்டு அட்டையில் விழாதாம். மஞ்சளுக்கு மேல் ஆரஞ்சு, அதற்கு மேல் நீலம். ஒரு நிறம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணை எவ்வளவு இடுக்கியும் எனக்குத் தெரியவில்லை. துணியில் இப்படி ஓர் இணைப்பை நான் என் ஆயுளில் போட்டதில்லை.

பிறகு சட்டென்று காயாத பசை மையை அச்சில் தட்டி, வானத்தின் நடுவில் நேராக இறக்கி, நேராகத் தூக்கினார். ஈரம் இருக்கும்போதே அதன் மேல் மஞ்சள் பொடியைக் கொட்டினார். அட்டையைச் சாய்த்துத் தட்டியதும் வேண்டாத பொடி கொட்டிப்போய், மை பட்ட இடத்தில் மட்டும் ஒட்டி நின்றது. பார்க்க மங்கலாக, சுண்ணாம்புத் தூள் படிந்த மாதிரி இருந்தது. அடியிலிருந்து சூட்டுக்காற்றுக் கருவியைக் காட்டினார். விரல் நுனியில் ஒரு புள்ளி பளபளத்தது. அந்தப் பளபளப்பு அப்படியே விரலில் இறங்கி, முஷ்டியில் பரவி, மணிக்கட்டில் வந்து நின்றது. பொடி உருகி, மஞ்சள் கை அட்டையை விட்டு மேடாக எழும்பியிருந்தது.

"உள்ள என்ன எழுதப் போறீங்க?" என்றேன்.

"ஒண்ணும் வேணாம். அவனுக்குப் புரியும்."

அவர் இதுவரை செய்ததிலேயே அதுதான் அழகு. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அட்டையை உறையில் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

அண்ணனுடைய மனைவிதான் கதவைத் திறந்தாள். அவர் உள் அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மேலிடம் குடுத்துவிட்டாருண்ணே" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தேன். முதுகு அசையவில்லை. அவள் உறையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். தண்ணீர் குடித்தேன், கொஞ்சம் காத்திருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. கிளம்பிவிட்டேன்.

திரும்பும்போது பேருந்தில் கைப்பையைத் திறந்து, அந்தத் துண்டு அட்டையை எடுத்து மறுபடி ரசித்தேன். சும்மா விளையாட்டாக, உள்ளங்கையை என் பக்கம் திருப்பி, என் வலது கையால் அதே சைகையைக் காட்டிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண் நான் எதைச் சுட்டுகிறேன் என்று அண்ணாந்து பேருந்தின் கூரையைப் பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்தேன். என் கட்டை விரல் ஒரு பக்கமிருந்து வந்தது, அட்டையில் கட்டை விரல் மறு பக்கமிருந்து வந்தது. இடது கையை உயர்த்திப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

தையல் பழகுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்பு இது. துணியைத் திருப்பிப் போட மறந்து, ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையை வெட்டி வைப்பார்கள். ஒரு பார்வையில் நான் கண்டுபிடித்து மண்டையில் குட்டுகிற தப்பு. என் மேசையில், என் கண்ணெதிரே நடந்திருக்கிறது, நான் மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். தாளில் வரைந்து கவிழ்க்காமல் ரப்பரிலேயே நேராக வரைந்தார் அல்லவா, அதனால் ஒரே ஒருமுறைதான் திரும்பியிருக்கிறது. வலது கை இடது கையாகிவிட்டது. வலது கை நசுங்கி வீட்டுக்குள் கிடக்கிற மனுஷனுக்கு, அன்றைக்கு லீவரைப் பிடித்திருந்த ஆள், பளபளவென்று ஓர் இடது கையை அனுப்பியிருக்கிறார். உள்ளே ஒரு வார்த்தைகூட இல்லாமல்.

வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தேன். மைப்பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அட்டைத் துண்டை அவர் முன்னால் போட்டு, "இது எந்தக் கை?" என்றேன்.

பார்த்தார். ரப்பர் அச்சை எடுத்துப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"தாள்ல வரையலை" என்றார் மெல்ல. பிறகு, "ஒனக்குத்தான் வலது கை போச்சே, எடது கையக் காட்டுன்னு நான் நக்கல் பண்ணின மாதிரி இருக்கும். அவன் அப்படித்தான் நெனப்பான். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க."

"நான் போய் வாங்கிட்டு வந்துடறேன். தப்பா வந்துடுச்சுன்னு சொல்றேன்."

அதற்குள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பொத்தான் ஒன்று விட்டு ஒன்று போட்டிருந்தது. ரப்பர் அச்சைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"இது நீ போய்ச் சொல்ற விஷயமில்ல" என்றார்.

இத்தனை மாதமாக நான் கெஞ்சியும் திட்டியும் நகராத கால் அன்று பேருந்து வரும்வரைகூட நிற்கவில்லை. நடக்கவே ஆரம்பித்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

தினமும் ஏணியில் மேகம் வரைக்கும் ஏறுகிற மனிதர், அந்த வீட்டு மாடிப்படியின் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏறுங்க" என்று முதுகில் கை வைத்தேன். எனக்குக் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இந்த ஆளுக்கு இன்றைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

கதவு திறந்தே இருந்தது. அண்ணனுடைய மனைவி எங்களைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்து, உள்ளே பாருங்கள் என்று கண்ணைக் காட்டினாள்.

சன்னலோர மேசையில், தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து அட்டையை நிறுத்தி வைத்திருந்தார் கைகாட்டி அண்ணன். வலது கை துண்டுக்குள் மடியில் இருந்தது. இடது கை மேலே உயர்ந்திருந்தது. சுட்டுவிரலை நீட்டினால் பழக்கமில்லாத நடுவிரலும் கூடவே கிளம்பியது. அதைக் கட்டை விரலால் அழுத்தி மடக்கி, அட்டையைப் பார்த்து, மறுபடி நீட்டி, மெல்லச் சுழற்றினார். சுற்று கோணலாகப் போனது. நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரர் வாசற்படியிலிருந்தே கொட்ட ஆரம்பித்துவிட்டார்.

"டேய், அது தப்புடா. நான் வேணும்னு செய்யல. தாள்ல வரைஞ்சு கவுத்துத்தான் ரப்பர்ல போடணும், அப்பத்தான் நேரா வரும். நான் அவசரத்துல நேரா வரைஞ்சுட்டேன். திரும்பிடுச்சு. நான் போட்டது ஒன் வலது கைதான். இந்தா பாரு, நீயே பாரு." கைக்குட்டையைப் பிரித்து அச்சை நீட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கைகாட்டி அண்ணன் இடது கையை நீட்டி அச்சை வாங்கிக்கொண்டார். ரப்பரைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். தூக்கி எறிந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"இதுல இருக்கறது போன கை" என்றார், ரப்பரைக் காட்டி. அட்டையைக் காட்டி, "அதுல இருக்கறது இருக்கற கை."

அச்சை அட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மடியில் இருந்த துண்டைத் தொட்டார்.

"வந்தவங்க எல்லாரும் இந்தத் துண்டத்தான்டா பாத்தாங்க. நானும் இதையே பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன். எடது கைன்னு ஒண்ணு கூடவே இருக்கறது எனக்கே மறந்துடுச்சு. பிரிச்சதும் மொதல்ல கோவம்தான் வந்துச்சு, இல்லைங்கல. கிழிக்கலாம்னு எடுத்தேன். எடுத்தது எந்தக் கைன்னு அப்பறம்தான் பாத்தேன்."

"லீவர் என் கையில இருந்துச்சுடா" என்றார் இவர்.

"எறக்குன்னு காட்டினது என் கை. நான் காட்டினேன், நீ எறக்கின. நான் காட்டி நீ எறக்காம இருந்தாத்தான் தப்பு. பட்டை இத்துப்போனதுக்கு நீ என்ன செய்வ, நான் என்ன செய்வேன்? எனக்கு ஒம்மேல அந்தக் கோவமே கெடையாது. ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனியாமே, வாட்ச்மேன் சொன்னான். அந்தக் கோவம் மட்டும் இருக்கு. அது இருக்கும்."

என் வீட்டுக்காரர் அழுதார். அவ்வளவு பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டு நின்றுகொண்டே அழுதார். நானும் அழுதேன். அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. அண்ணனுடைய மனைவி என் தோளில் சாய்ந்துகொண்டு என் புடவையிலேயே மூக்கைத் துடைத்தாள்.

எல்லோரும் முகம் கழுவி உட்கார்ந்த பிறகு அண்ணன் சொன்னார்: "சொல்லிக் குடுக்கற வேலைக்கு எடது கைதான் நல்லதுன்னு தோணுது. எதிர்ல நிக்கறவனுக்குக் கண்ணாடியில பாக்கற மாதிரி இருக்கும். நான் எடதத் தூக்கினா அவன் தானா வலதத் தூக்குவான். வலது கையால சொல்லிக் குடுக்கும்போது பாதிப் பேரு கொழம்புவானுங்க."

"சுத்து இன்னும் கோணலாத்தான் வருது" என்றார் என் வீட்டுக்காரர்.

"வந்துட்டாரு மேலிடம், குத்தம் சொல்ல" என்றார் அண்ணன்.

அதன் பிறகு இரண்டு பேரும் வழக்கம்போல ஒரு வார்த்தை பேசவில்லை. சன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கிளம்பும்போது, அட்டையைத் திருப்பித் தரவா என்று அவர் கேட்கவும் இல்லை, இவர் வாங்கவும் இல்லை. ரப்பர் அச்சு மட்டும் இவர் பைக்குத் திரும்பியது.

தெருவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்திருப்போம். மேலேயிருந்து யாரோ சொம்பால் கம்பியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். பால்கனியில் கைகாட்டி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் கையுறை. வலது கையுறையை ஆஸ்பத்திரியில் கத்தரித்து எறிந்துவிட்டார்கள். இது அந்த ஜோடியில் மிஞ்சிய இடது. நான் தைத்தது, நிறம்கூட மங்கவில்லை. இத்தனை வருஷமாக மேலே இருந்தவர் கீழே நின்றார், கீழே நின்றவர் மேலே இருந்தார். அண்ணன் சுட்டுவிரலை வானத்தைப் பார்த்து நீட்டிச் சுழற்றினார். தூக்கு.

பக்கத்தில் என் வீட்டுக்காரருடைய வலது கை இடுப்பருகில் எதையோ பிடிப்பது போல் மடங்கி, மெல்லப் பின்னால் வந்தது. அங்கே லீவர் இல்லை, ஒன்றுமில்லை. அவர் கண் அந்த மஞ்சளை விட்டு நகரவில்லை. முகத்தில் பல மாதமாக நான் பார்க்காத அந்த நிதானம் இருந்தது, மேசையில் அச்சை நேராகத் தூக்கும்போது வருமே, அது.

நடுத்தெருவில் நின்றிருந்தோம். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணி அடித்துப் பார்த்தார், "என்ன சார்" என்றார். நான் இவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். அவர் நகரவில்லை. கைகாட்டி இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை.